செல்லுலைட்டிஸும் கேஸ் கேங்ரீனும்

செல்லுலைட்டிஸ், கேஸ் கேங்ரீன் இரண்டும் பாக்டீரியாத் தொற்றுகள். இரண்டிலும் கால் வீங்கும், வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். செல்லுலைட்டிஸ் தோலிலும் அதன் அடியிலுள்ள கொழுப்பிலும் பரவுவது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெடிப்பு இருந்தாலே அது உள்ளே நுழைந்துவிடும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பரவுவது நாள் கணக்கில். பென்சிலின் வகை மருந்தும் காலை உயர்த்தி வைப்பதும் பெரும்பாலும் போதும்.

கேஸ் கேங்ரீன் அவ்வளவு நேரம் தராது. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகுவது; நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோன தசை அதற்குத் தோதான இடம். முதல் உலகப் போரில், எரு போட்ட வயல்களில் காயம்பட்ட வீரர்கள் பலர் இதில் செத்தார்கள். இது பரவுவது மணிக் கணக்கில். ஆரம்பத்தில் தோல் வெளிறி, பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். வலியோ தாங்க முடியாது. தோலில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் இப்படி இருந்தால், நான் முதலில் பயப்படச் சொல்வது அதற்குத்தான். அப்புறம் தோல் கருக்கும், கொப்புளம் வரும், அழுத்தினால் உள்ளே சேர்ந்த வாயுவால் நறநறவென்று இருக்கும். பென்சிலினும் கிளிண்டாமைசினும் கொடுத்தால் மட்டும் போதாது. செத்த தசையை அறுத்து எடுத்தாக வேண்டும், உடனே.