க்யூஜிஐஎஸ் மென்பொருள்: ஓராண்டு வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கையில் க்யூஜிஐஎஸ் என்னும் நிலப்படம் உருவாக்கும் மென்பொருளை ஓராண்டாகப் பயன்படுத்திவருகிறேன். நிலப்படத்தைப் பார்த்துப் படிக்க மட்டும் என்றால் இதைவிட எளிய கருவிகள் உண்டு. கூகுள் எர்த்தைத் திறந்த சில நொடிகளிலேயே மாணவர்கள் இமயமலைக்கு மேல் பறக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் நிலப்படத்தை மாணவரே உருவாக்க வேண்டும், அதில் நேரும் பிழையையும் அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்பும் ஆசிரியருக்கு, நான் பயன்படுத்தியவற்றுள் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் திட்டத்துக்கு (இதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்) உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டுவதால், ஒருமுறை தரவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்று ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவதே நல்லது. புதிய வசதிகள் சேராமல் பிழைதிருத்தங்களை மட்டும் பெறும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், நாம் எழுதிக் கொடுத்த செய்முறைக் குறிப்புக்கும் மாணவர் காணும் திரைக்கும் இடையே ஆண்டின் நடுவில் வேறுபாடு வராது.

இதன் உண்மையான பயனை எனக்குக் காட்டியது, பள்ளி வளாகத்து மரங்களைக் கணக்கெடுத்த பாடம்தான். மாணவர்கள் கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்து, மரத்தின் பெயரையும் அடிமரச் சுற்றளவையும் சேர்த்து அட்டவணையாக்கி, அதைச் சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) மென்பொருளில் ஏற்றினார்கள். 46 மரங்களில் மூன்று, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுவில் போய் நின்றன. இருப்பிடத்தைக் குறிக்க மறந்த மூன்று மரங்களுக்கு ஒரு மாணவி அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் பூச்சியம் என்று எழுதியிருந்தார். நிலநடுக்கோடும் முதன்மைத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி அங்கேதான் இருக்கிறது. 'தெரியவில்லை' என்பதும் 'பூச்சியம்' என்பதும் ஒன்றல்ல என்பதை அன்று வகுப்பு முழுவதும் கண்ணால் கண்டது. வேறு சில மரங்கள் வகுப்பறைக் கூரையின் மேல் விழுந்திருந்தன. திறந்த வெளியிலேயே கைபேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை பிழை காட்டும், கட்டடத்தின் அருகில் அது இன்னும் கூடும் என்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான தருணம் எனக்குக் கிடைத்ததில்லை.

உருண்டையான புவியைத் தட்டையான திரையில் விரிக்கும் முறைகளைக் கற்பிப்பதிலும் இம்மென்பொருளுக்கு இணையில்லை. திரையின் வலது கீழ் மூலையைச் சொடுக்கி துருவத்தை நெருங்கும் நிலங்களைப் பெரிதாக்கும் மெர்கேட்டர் முறையிலிருந்து, பரப்பளவைச் சரியான விகிதத்தில் காட்டும் மால்வைடு முறைக்கு மாற்றினால், ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரிந்த கிரீன்லாந்து அதன் பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதை மாணவர்கள் அப்போதே பார்க்கிறார்கள்.

அதே வேளையில், தவறான நிலப்படத்தையும் இது எந்த எச்சரிக்கையும் இன்றி அழகாகவே வரைந்து தரும் என்பதை ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டும். உலக நாடுகளின் மக்கள்தொகையைச் சம இடைவெளியில் ஐந்து பிரிவுகளாக வகுத்தபோது, சீனாவும் இந்தியாவும் அடர்நிறம் பெற, அமெரிக்கா நீங்கலாக மற்ற நாடுகள் அனைத்தும் ஒரே வெளிர்நிறத்தில் கரைந்துபோயின. ஒவ்வொரு பிரிவிலும் சம எண்ணிக்கையில் நாடுகள் வருமாறு மாற்றியதும், எண் ஒன்றுகூட மாறாமலேயே வேறோர் உலகம் தோன்றியது. எது சரி என்று மாணவர்கள் நெடுநேரம் வாதிட்டார்கள். எண்ணிக்கையை விட்டு அடர்த்தியை வரைய வேண்டாமா என்று கேட்ட மாணவரிடமிருந்து நானே ஒரு பாடவேளைக்கான திட்டத்தைப் பெற்றேன். அந்தப் பயிற்சிக்கு நேச்சுரல் எர்த் என்னும் உலக நிலப்படத் தரவைப் பயன்படுத்தினோம். அது கட்டணமற்றது, ஆயினும் நாட்டு எல்லைகளை, ஒரு பகுதி இப்போது யார் கட்டுப்பாட்டில் உள்ளதோ அதன்படி காட்டுவதால், பாடநூலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வகுப்பில் காட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. திரை முழுவதும் நிறைந்திருக்கும் பொத்தான்கள் புதியவரை மிரட்டுகின்றன. முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேவையற்ற கருவிப்பட்டைகளை முன்கூட்டியே மறைத்துவைக்க நேர்ந்தது. ஷேப்ஃபைல் என்னும் பழைய கோப்பு வடிவம் மற்றொரு தொல்லை. ஒரே அடுக்கு (நிலப்படத்தின் மேல் ஏற்றும் ஒரு தரவுத் தொகுதி) பல கோப்புகளாகப் பிரிந்திருப்பதால், அவற்றுள் ஒன்றை மட்டும் நகலெடுத்துச் சென்ற மாணவர் வீட்டில் அதைத் திறக்க முடியாமல் தவித்தார். அட்டவணையின் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து எழுத்து என்ற வரம்பும் இருப்பதால், தமிழ்ப் பெயர்கள் பாதியிலேயே வெட்டுப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் ஜியோபேக்கேஜ் வடிவத்தைத் தொடக்கத்திலேயே பழக்கிவிட்டால் இவ்விரண்டும் தீர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவுகோலையும் திசையையும் அவர்கள் தாளிலும் பென்சிலிலும் பழகட்டும். மேல்வகுப்புகளில் தொடங்க விரும்புவோர்க்கு முதல் நாளில் இணையமும் தரவும் தேவையில்லை. திரையின் அடியில் உள்ள ஆயத்தொலைவுப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் 'வேர்ல்ட்' என்று தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தினால், மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் உலகப் படம் திறக்கும். மெர்கேட்டர் பாடத்தை அதைக் கொண்டே நடத்தி முடிக்கலாம்.