ஊருக்குப் போக எந்த மைல்? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

விமானப் பயணத்துக்கும் கார்டு செலவுக்கும் புள்ளியாகச் சேர்ந்து பின்னர் டிக்கெட்டாக மாறுவதுதான் விமான மைல். சிங்கப்பூரில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது பிசினஸ் கிளாஸில் லண்டன், டோக்கியோ என்று போய்விடுகிறது. நம்மில் பலருடைய பயணம் அதுவல்ல. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர். அதுவும் பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு, பெட்டிகள் நிறைய. இந்தப் பயணத்துக்கு எந்தத் திட்டம் உண்மையில் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் மூன்று. சேர்த்த மைல் எத்தனை நாள் தாங்கும்? ஜூனிலும் டிசம்பரிலும் நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைக்குமா? எத்தனை கிலோ கூடுதலாகக் கொண்டுபோகலாம்? லவுஞ்ச், முன்னுரிமை போர்டிங் எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

கிரிஸ்ஃப்ளையர்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்தத் திட்டம் 1999 முதல் இருக்கிறது. இங்கே வசிப்பவர்களுக்கு இதுதான் இயல்பான தொடக்கம். எல்லா உள்ளூர் வங்கிகளின் கார்டுகளிலிருந்தும் இதற்கு மைல் மாற்றலாம், சென்னைக்கு நேரடி விமானமும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணம் 2017 முதல் கிடையாது. இது பெரிய விஷயம். வேறு பல நிறுவனங்களில் “இலவச” டிக்கெட் எடுத்த பிறகு அந்தக் கட்டணம் என்று ஒரு தொகை வந்து நிற்கும். விமான நிலைய வரிகள் மட்டும் எங்கே போனாலும் தப்பாது. சாங்கியிலிருந்து புறப்படும் பயணிக்கு அதுவே 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வருகிறது.

குறை என்று சொன்னால் முதலில் காலாவதி. மைல் கணக்கில் விழுந்த நாளிலிருந்து மூன்று வருடம். கணக்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதால் அந்தத் தேதி தள்ளிப்போகாது. கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். வருடம் ஒரு தடவை மட்டும் பறக்கும் குடும்பம் டிக்கெட்டில் கிடைக்கும் மைலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 1,800 மைல் தூரம். மலிவான எகானமி லைட் டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் தருவார்கள். போய் வந்தால் சுமார் 1,800 சேரும். மூன்று வருடம் இப்படிப் போய் வந்தாலும் சேர்வது ஐயாயிரத்துச் சொச்சம். அதில் ஒருவர் ஒருவழி ஊருக்குப் போகும் அளவுக்குக்கூட வராது, அதற்குள் முதல் வருடத்து மைல் போய்விடும்.

அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு மைல் சேரும் இடம் விமானம் இல்லை, கிரெடிட் கார்டுதான். அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

இருக்கை விஷயத்தில் கிரிஸ்ஃப்ளையர் ஓரளவு நியாயமாக நடந்துகொள்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் புறப்படும் நாளுக்கு 355 நாள் முன்பே முன்பதிவைத் திறக்கிறது. டிசம்பர் முதல் வாரம் நான்கு பேர் போக வேண்டும் என்றால் முந்தைய டிசம்பரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். குறைந்த மைல் கேட்கும் சேவர் இருக்கைகள் பள்ளி விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது அதிக மைல் கேட்கும் அட்வான்டேஜ் இருக்கைகள். மாதந்தோறும் வரும் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் சலுகையில் வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனால் அது அடுத்த மாதப் பயணத்துக்கானது. தனியாக இருப்பவருக்கு, திடீரென்று லீவு கிடைப்பவருக்கு அருமை. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதிகம் உதவாது.

குடும்பத்தார் மைலை ஒரே கணக்கில் கூட்டிச் சேர்க்கும் வசதி இதில் இல்லை. ஆனால் ஒருவர் தன் மைலில் வேறு ஐந்து பேருக்கு டிக்கெட் எடுக்கலாம். மனைவி அல்லது கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருக்கும் அப்பா, அம்மா என்று ஐந்தும் நிரம்பிவிடும். மாமனார் மாமியாரை அழைத்துவர வேண்டுமென்றால் துணைவரின் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாம். என் பரிந்துரை, மைலை ஒரே கணக்கில் குவியுங்கள். இரண்டு கணக்கில் பாதிப் பாதியாகக் கிடக்கும் மைலால் இரண்டு டிக்கெட்டும் வராமல் போகிறது. துணைவருக்கு சப்ளிமென்டரி கார்டு எடுத்துக் கொடுத்தால் இருவர் செலவும் ஒரே இடத்தில் சேரும்.

இன்னொன்று, நம் பெயர்கள். தனிப்பெயர், தந்தை பெயர், இனிஷியல் என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் வங்கிக் கார்டில் வேறு மாதிரியும் இருப்பது நம்மிடையே சாதாரணம். கிரிஸ்ஃப்ளையர் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் தொடங்குங்கள், வங்கியிலும் அதே பெயரைக் கொடுங்கள். பெயர் பொருந்தாமல் மைல் சேராமல் நிற்பது தமிழர்களுக்கு அடிக்கடி நேர்வது. தொடக்கத்திலேயே சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை.

கோல்டு தகுதியைத் துரத்தலாமா?

அடிக்கடி பறப்பவருக்குக் கிரிஸ்ஃப்ளையர் தரும் உயர் தகுதி எலீட் கோல்டு. அது கிடைத்தால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டு தகுதியும் ஆகிவிடும். கூட்டணி விமானங்களில் 20 கிலோ கூடுதல் லக்கேஜ், லவுஞ்சுக்குள் உங்களோடு ஒரு விருந்தினர். ஊருக்குப் போகும் நமக்கு அந்த 20 கிலோவின் அருமை தெரியும். முஸ்தபாவில் வாங்கியதை எடை பார்த்துப் பார்த்துப் பெட்டி கட்டும் யாருக்கும் அது ஆசை காட்டும்.

ஆனால் 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் வேண்டும். சில்வருக்கே 25,000, அதில் லவுஞ்ச் இல்லை. கார்டில் சேர்த்த மைல் இந்தக் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. லைட் டிக்கெட்டில் சென்னை போய் வந்தால் சுமார் 1,800 என்று பார்த்தோம். அப்படியானால் கோல்டுக்கு வருடத்தில் ஏறத்தாழ 28 தடவை போய் வர வேண்டும். நிறுவனம் அனுப்பி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறப்பவருக்குத்தான் இது சரிப்படும். அப்படிப்பட்டவர் எல்லாப் பயணத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும், தயங்கவே கூடாது. சொந்தக் காசில் ஊருக்குப் போகிறவர் கோல்டை மறந்துவிடலாம். எகானமியில் லைட், வேல்யூ கட்டணத்துக்கு 25 கிலோ, ஸ்டாண்டர்டு, ஃப்ளெக்ஸிக்கு 30 கிலோ. அந்த ஐந்து கிலோ வித்தியாசத்தைக் காசு கொடுத்து வாங்குவதே மலிவு. கூடுதல் 20 கிலோவும் உறுப்பினருக்கு மட்டும்தான், உடன் வரும் குடும்பத்துக்கு இல்லை.

ஏர் இந்தியா, மலேசியா ஏர்லைன்ஸ்

ஏர் இந்தியாவும் 2014 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. 2024 நவம்பரில் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இப்போது ஏர் இந்தியாவின் 25.1 சதவீதப் பங்கு. ஏர் இந்தியாவின் மைல் திட்டமான பழைய ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் 2025இல் மகாராஜா கிளப் என்று பெயர் மாறியது. டெல்லி, மும்பை வழியாக வட இந்தியா போகிறவருக்கும், இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இந்தியாவுக்கே திரும்பி அங்கேயே உள்நாட்டில் பறக்கப்போகிறவருக்கும் மகாராஜா கிளப் பொருந்தும். மற்றவர்கள் ஏர் இந்தியாவில் பறந்தாலும் மைலைக் கிரிஸ்ஃப்ளையரில் போட்டுக்கொள்ளலாமே. சிங்கப்பூரில் வாழும்வரை இரண்டு கூடை எதற்கு?

மலேசியா ஏர்லைன்ஸின் மைல் திட்டமான என்ரிச், ஒன்வேர்ல்ட் என்ற வேறொரு கூட்டணியைச் சேர்ந்தது. கோலாலம்பூரில் இறங்கி மாறிச் சென்னை போகலாம், பணம் கொடுத்து எடுக்கும் டிக்கெட் சில சமயம் நேரடி விமானத்தைவிட மலிவாகவே இருக்கும். ஒன்வேர்ல்ட் சஃபையர் தகுதிக்கு 15 கிலோ கூடுதல், எமரால்டுக்கு 20. இதற்கும் மேலே சொன்ன அதே பிரச்சினைதான். வேலை நிமித்தம் அடிக்கடி கோலாலம்பூர் வழியாகப் போகிறவரைத் தவிர யாருக்கும் எட்டாது. என்ரிச் பாயின்டும் மூன்று வருடம்தான். சின்னக் குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் நடுவில் விமானம் மாறும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்தால், கிரிஸ்ஃப்ளையரை விட்டு இதற்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

திருச்சி, மதுரைக்காரர்கள்

இங்கேதான் பல ஒப்பீடுகள் தடுமாறுகின்றன. திருச்சிக்கு ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ. மதுரைக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். கோயம்புத்தூருக்கு ஸ்கூட். இவை எதுவும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை, ஆகவே ஸ்டார் கோல்டு கார்டு வைத்திருந்தாலும் அந்த 20 கிலோ உரிமை இங்கே வராது. ஸ்கூட்டில் கிரிஸ்ஃப்ளையர் மைலைப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு மைலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு காசு (சென்ட்) அல்லது அதற்கும் கீழே. இண்டிகோ 2024இல் புளூசிப் என்று தன் திட்டத்தைத் தொடங்கியது, இந்தியாவுக்குள் நிறையப் பறப்பவருக்கு அது பயன்படும்.

சென்னையில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் போவதைவிட நேரே திருச்சியில் இறங்குவது எவ்வளவோ மேல். மைலுக்காக அந்தச் சௌகரியத்தை விட வேண்டாம். திருச்சிக்குக் காசு கொடுத்தே டிக்கெட் எடுங்கள், மைலைச் சேர்த்து வைத்து வேறொரு பெரிய பயணத்துக்குப் பயன்படுத்துங்கள். ஸ்கூட்டின் மிக மலிவான கட்டணத்தில் கையில் எடுத்துப்போகும் 10 கிலோ மட்டும்தான், செக்-இன் லக்கேஜ் இல்லை. ஆகவே விலை ஒப்பிடும்போது லக்கேஜையும் சேர்த்த மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டும். பெட்டியை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுவது கவுன்ட்டரில் வாங்குவதைவிடக் கணிசமாக மலிவு.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு இதுவே முழு அலசலும். அவர்களுக்கு மைல் கார்டு கிடைப்பது அரிது, கார்டுக்கு வங்கி கேட்கும் வருமான வரம்பு வெளிநாட்டவருக்கு இன்னும் உயரம். கிலோவுக்கு எவ்வளவு, தேதி மாற்ற எவ்வளவு என்பதைப் பார்த்து டிக்கெட் எடுப்பதுதான் அவர்களுக்கு லாபம். மைல் சேருமே என்று சொல்லி அவர்களை விலை கூடின டிக்கெட்டுக்குத் தள்ளுவது நியாயமில்லை.

கார்டு: மைலா, கேஷ்பேக்கா?

உண்மையான போட்டி இங்கேதான். சாதாரண மைல் கார்டுகள் ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் தருகின்றன. எதிரே நிபந்தனை அதிகமில்லாத கேஷ்பேக் கார்டுகள் செலவில் 1.5 முதல் 1.7 சதவீதத்தைப் பணமாகவே திருப்பித் தருகின்றன. 1.2 மைலுக்கு 1.5 காசு என்று வைத்தால், ஒரு மைல் உங்களுக்கு 1.25 காசுக்கு மேல் பயன்பட்டால்தான் மைல் கார்டு லாபம். ஸ்கூட்டில் ஒரு காசுக்குச் செலவழித்தால் நஷ்டம். சென்னைக்கு விடுமுறைக் கால சேவர் இருக்கை கிடைத்தால் லாபம், ஏனென்றால் அந்த வாரங்களில் காசு விலை ஏறியிருக்கும், சேவர் மைல் ஏறாது. உங்கள் டிக்கெட்டைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. காசு விலையிலிருந்து வரியைக் கழித்து, கேட்கும் மைலால் வகுத்துப் பாருங்கள்.

ஆன்லைன் செலவுக்கு, அல்லது குறிப்பிட்ட வகைச் செலவுக்கு, வெள்ளிக்கு 4 மைல் தரும் கார்டுகளும் உண்டு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போடு வரும். அந்த வரம்புக்குள் மைல் சந்தேகமில்லாமல் வெல்லும், ஒரு மைல் 0.4 காசுக்குப் போனாலும் போட்ட கணக்கு தேறிவிடும். வரம்பு தாண்டியதும் கேஷ்பேக் கார்டுக்கு மாறிவிடுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் பெரும்பாலான கார்டுகளில் மூன்று சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகும். ஊரில் நகைக்கடையில் கார்டைத் தேய்க்கும் முன் அதை நினைவில் வையுங்கள்.

காலாவதிப் பிரச்சினைக்கும் தீர்வு கார்டிலேயே இருக்கிறது. சிட்டி பிரீமியர்மைல்ஸ், டிபிஎஸ் ஆல்டிடியூட் போன்ற கார்டுகளில், கிரிஸ்ஃப்ளையர் மைலாக மாற்றும்வரை வங்கியில் இருக்கும் பாயின்ட் காலாவதியாகாது. ஆகவே வங்கியிலேயே வைத்திருங்கள், டிக்கெட் எடுக்கும் நேரம் நெருங்கும்போது மட்டும் மாற்றுங்கள். மாற்றிய நாளிலிருந்துதான் அந்த மூன்று வருடம் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் 27 வெள்ளி அளவில் மாற்றுக்கட்டணம் உண்டு, ஆதலால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாமல் மொத்தமாக மாற்றுவது நல்லது. மாற்றம் உடனே நடக்காமல் சில நாள் ஆகலாம், அதற்குள் சேவர் இருக்கை போய்விடும் அபாயமும் இருக்கிறது. டிசம்பர் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பே திட்டமிடுகிறவர்கள் முன்பதிவு திறப்பதற்கு இரண்டு வாரம் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

சிங்கப்பூரை விட்டுப் போகும்போது

நிரந்தரவாசி ஆகாமல் சில வருடம் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் நம்மில் அதிகம். அந்தக் கடைசி மாதத்தில் வீட்டுச் சாவி, வரி, பள்ளி என்று ஓடும்போது பாயின்டை மறந்துவிடுகிறார்கள். கார்டை ரத்து செய்தால் வங்கியிலிருக்கும் பாயின்ட் அதோடு போய்விடும். காலாவதியாகாத பாயின்டும் அப்படித்தான். முதலில் மாற்றுங்கள், கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பாருங்கள், அதன்பிறகு கார்டை மூடுங்கள். கணக்கில் உள்ள மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் சிங்கப்பூர் அலுவலகத்துடையதாக இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், உள்நுழையச் சரிபார்ப்பு எண் அந்த எண்ணுக்குத்தான் வரும். கிரிஸ்ஃப்ளையர் கணக்கு நாடு மாறினாலும் தொடரும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போகும் டிக்கெட்டுக்கு அந்த மைல் மூன்று வருடம் உதவும்.

அதற்குள் பறக்க வாய்ப்பில்லை என்று தோன்றினால், ஏஷியா மைல்ஸுக்கு மாற்றுவதை யோசிக்கலாம். கேத்தே பசிபிக் விமான நிறுவனத்தின் அந்தத் திட்டத்தில் 18 மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது மைல் சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்தமும் உயிரோடு இருக்கும். ஆனால் கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றிவிட்ட மைலை அங்கே கொண்டுபோக முடியாது, அதனால் இதை வங்கியில் பாயின்டாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.