கொல்கத்தா மெட்ரோ: நீல வழியும் பச்சை வழியும்

கொல்கத்தா மெட்ரோவுக்கு மதிப்பெண் போட ஒரே தாள் போதாது. வடக்கு-தெற்காக ஓடும் நீல வழித்தடம் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு-பவானிபூர் இடையே வெறும் 3.4 கிலோமீட்டரில் தொடங்கியது. இந்தியாவின் முதல் மெட்ரோ அதுதான். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் பச்சை வழித்தடம் முழுசாக இணைந்தது 2025 ஆகஸ்ட் 22இல். இரண்டும் எஸ்பிளனேடில் சந்திக்கின்றன. ஆனால் நீலம் 1,676 மி.மீ. அகலப்பாதை, பச்சை 1,435 மி.மீ. பாதை. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடவே முடியாது.

நீல வழியில் முதலில் கவனிக்க வேண்டியது, படிக்கட்டு எவ்வளவு குறைவு என்பது. சுரங்கம் அதிக ஆழமில்லை. அது தோண்டிய விதத்தால் வந்த நன்மை. சோவியத் வல்லுநர்களின் துணையோடு 1971இல் திட்டம் தயாரானது. 1972 டிசம்பர் 29இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அந்த ஊர் மண் இளகிய களிமண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதனால் சாலையின் இரு ஓரத்திலும் ஆழமாகப் பள்ளம் வெட்டி, பக்கங்கள் சரியாமலிருக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, கம்பிக் கூண்டை இறக்கி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வழிந்து வெளியேறும். இரு சுவரும் இறுகிய பிறகே நடுமண்ணை அள்ளி, தளமும் கூரையும் போட்டு, மேலே சாலையை மூடினார்கள். சௌரிங்கி போன்ற பெருஞ்சாலை வருடக்கணக்கில் குதறிக் கிடந்தது இதனால்தான். பெல்காச்சியா-ஷியாம்பஜார் பகுதியில் மட்டும் மேலே ரயில்வே யார்டும் கால்வாயும் இருந்ததால், அழுத்தக் காற்றை அடைத்து, ஷீல்டு என்ற இரும்புக் கவசம் வைத்துக் குடைந்தார்கள். டம்டம்-டாலிகஞ்ச் முழுப்பாதை முடிய 1995 ஆகிவிட்டது.

ஆழம் குறைவு என்பதன் கெடுதலும் உண்டு. 2024 மே மாதம் ரெமல் புயல் மழையில் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து சேவை தடைப்பட்டது. பெருமழை நாளில் விமானத்தையோ ரயிலையோ பிடிக்க நீல வழியை மட்டும் நம்பாதீர்கள். பழைய சுரங்க நிலையங்களில் நடைமேடைக் கதவும் கிடையாது. அலுவலக நேரக் கூட்டத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பது உங்கள் பொறுப்பு. பாதை ஓரம் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது.

தொடக்கக்காலப் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்தவை. அகலப்பாதையில் ஓடினாலும் அகலம் 2.74 மீட்டர்தான், குறுகிய பாதையில் ஓடும் பச்சை வழிப் பெட்டி அதைவிடச் சற்று அகலம் என்பது வேடிக்கை. ஏ.சி. இல்லாத பெட்டிகளுக்கு 2021 அக்டோபரில் விடைகொடுத்துவிட்டார்கள். இந்திய ரயில்வே நேரடியாக நடத்தும் ஒரே மெட்ரோவும் இதுதான்.

பச்சை வழி வேறு உலகம். நடைமேடைக் கதவுகள், பளிச்சென்ற பெட்டிகள், ஆனால் இறங்க இறங்க நீளும் எஸ்கலேட்டர்கள். ஹவுரா நிலையம் 30 மீட்டருக்கும் மேல் ஆழம். ரயிலைப் பிடிக்க வருபவர்கள் மேலே ஏறவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தின் நீளம் 520 மீட்டர், ஆற்றுப்படுகைக்கும் 13 மீட்டர் கீழே. சுரங்கத்தின் உள்விட்டம் 5.55 மீட்டர், 275 மி.மீ. தடிமனுள்ள கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்திருக்கிறார்கள். துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கும் அடைப்புப் பட்டை (கேஸ்கெட்) இருப்பதால், கசிவு வந்தாலும் அதுவே அடைத்துக்கொள்ளும். நீல விளக்கு தெரிந்தால் ஆற்றின் கீழே இருக்கிறீர்கள். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆற்றைவிட அதிகம் படுத்தியது எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவிலுள்ள பௌபஜார் பகுதி. 2019 ஆகஸ்ட் 31இல் 'சண்டி' என்ற சுரங்கம் குடையும் இயந்திரம் நிலத்தடி நீரோட்டத்தைத் தொட்டது. தண்ணீரோடு மணலும் உள்ளே வர, மேலே வீடுகள் இடிந்தன. மீதியை எதிர்த்திசையிலிருந்து 'ஊர்வி' என்ற இன்னொரு இயந்திரம் குடைந்து முடித்தது. 2022இலும் கசிவு வந்ததால் எஸ்பிளனேடு-சியால்தா பகுதி கடைசியில்தான் திறந்தது. இன்று ஹவுரா, சியால்தா என்ற இரு பெரிய ரயில் நிலையங்களுக்கு இடையே ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். ஹவுரா பாலத்து நெரிசலில் பஸ்ஸில் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சென்னை மெயிலில் வருபவர்கள் ஹவுராவின் புதிய காம்ப்ளக்ஸ் பக்கத்து வாயிலைப் பார்த்து இறங்குங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமார் என்ற வேறு நிலையத்தோடு நின்றுவிடுவதால் அதில் வந்தால் மெட்ரோ கைக்கெட்டாது. காளிகாட் கோயிலுக்கும், தமிழர்கள் பழகிய லேக் மார்க்கெட்டுக்கும் எஸ்பிளனேடில் மாறி, தெற்கே ஆறாவது நிலையமான காளிகாட்டில் இறங்க வேண்டும். மாறும்போது வெளியேறும் கேட்டைத் தாண்டிவிடாதீர்கள். தாண்டினால் புது டிக்கெட். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். க்யூஆர் அச்சிட்ட காகித டிக்கெட்டை மடித்துக் கசக்கினால் கேட் படிக்காது, இரண்டு நாளுக்கு மேல் தங்குபவர்கள் ஸ்மார்ட் கார்டே வாங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து மஞ்சள் வழி என்ற இன்னொரு மெட்ரோ தடத்தில் நோவாபாடா வந்து நீல வழிக்கு மாறுங்கள். பெரிய பெட்டி இருந்தால் மாலை கூட்ட நேரத்தில் அதை முயல வேண்டாம், டாக்ஸியே மேல்.