சிவப்பு நூல் வெளுத்தபோது: மதுரை அரவிந்தில் கண் நரம்புப் பிரிவு

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் ஒரு நாள், ஊசியில் கோத்த சிவப்பு நூல் வலது கண்ணுக்கு மட்டும் நாலு வருஷம் துவைத்த துணி மாதிரி வெளுத்துத் தெரிந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலி. பக்கத்துக் கண்ணாடிக் கடையில், பவர் கூடிவிட்டது என்று 2,400 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அப்புறம் போன ஒரு கிளினிக்கில் போனதுமே சொட்டு மருந்து விட்டு, உள்ளே பார்த்து, "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அரவிந்த். எங்கள் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னாலே கண்புரைதான் ஞாபகம் வரும். கண் நரம்புக்கென்று தனிப் பிரிவு இருப்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் முதலில் கேட்டதே, "சொட்டு விட்டாச்சா?" என்றுதான். இல்லை என்றதும் டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். வெளிச்சம் பட்டால் கண் நடுவில் இருக்கும் கருவட்டம், அதாவது பாப்பா, சுருங்க வேண்டும். இடது கண்ணிலிருந்து டார்ச் வலதுக்கு வந்தபோது என் வலது பாப்பா சுருங்காமல் விரிந்ததாம். கண் நன்றாக இருந்தும் நரம்பு சேதியை ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். சொட்டு விட்டுவிட்டால் பாப்பா அசையாது, இந்தச் சோதனையே நடக்காது. பத்து ரூபாய் டார்ச் வேலை, முன்பு கோட்டைவிட்டது இதைத்தான்.

அடுத்து ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டி, "இடது கண்ணுக்கு இது நூறு ரூபாய்ச் சிவப்புன்னா, வலதுக்கு எவ்வளவு தருவீங்க?" என்றார். துணிக்கு விலை சொல்லியே பழகியவள், யோசிக்கவே இல்லை: "முப்பதுக்கு மேல தேறாது, சார்."

ஓரப்பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் மட்டும் பெரிய சோதனை. கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், துணைக்கு ஆளும் வேண்டும்.

நோய் பார்வை நரம்பு அழற்சி. மூன்றில் இரண்டு பேருக்கு வீக்கம் கண்ணுக்குப் பின்னால் இருப்பதால் உள்ளே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியுமாம். மூளையில் தழும்பு இருக்கிறதா என்று எம்ஆர்ஐ, நம் உடம்பே உண்டாக்கி நம் நரம்பையே தாக்கும் அக்குவாபோரின்-4, மாக் ஆன்டிபாடிகள் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. எனக்கு எதுவும் இல்லை. நரம்பு மருத்துவரிடம் மூன்று நாள், தினமும் 1 கிராம் ஸ்டீராய்டு டிரிப்ஸ். "இது சீக்கிரம் தேற்றும், ஆனா கடைசியில வர்ற பார்வை பெரும்பாலும் மருந்து இல்லாமலும் வந்திருக்கும்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

போன வாரம் மறுபரிசோதனை. மூடி தொண்ணூறு ரூபாய்க்கு வந்திருக்கிறது. அடுப்படியில் வெக்கையில் நின்றால் மட்டும் எழுபதுக்கு இறங்கும், ஆறினால் திரும்ப ஏறிவிடும்.