மேசைக்குக் கீழ்த்தட்டு: ஆங்கிளா, காடியா, ரீப்பரா?

கையால் செய்த மேசைக்குக் கீழ்த்தட்டு வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, மேசை சேலத்திலேயே இருக்கப்போகிறதா, ஏற்காட்டுக்குப் போகிறதா என்பதைத்தான். சித்திரை வெயிலில் இங்கே காய்ந்து சுருங்கும் பலகை, 1500 மீட்டர் உயரத்தில் ஐப்பசி மூட்டத்தில் ஈரம் இழுத்து உப்பும். நீளவாக்கில் ஒன்றும் தெரியாது. அகலவாக்கில், ஒன்றரை அடிப் பலகை 2, 3 மில்லிமீட்டர் கூடிக் குறையும். அந்த அசைவுக்கு வழி விடாமல் தட்டை இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் குழிந்து வளையும்.

எல் ஆங்கிள், அதாவது எல் வடிவில் மடித்த உலோகத் தாங்கி, அடிப்பது அரை மணி நேர வேலை. எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், முடிந்துபோன மேசையிலும் பொருத்தலாம். ப்ளைவுட் தட்டென்றால் தாராளமாக அடியுங்கள், ப்ளைவுட் அவ்வளவாக அசையாது. முழு மரப் பலகைக்கு நான் ஒப்பமாட்டேன். அதன் ஓட்டைகள் வட்டமானவை, ஸ்க்ரூ நகர இடமே இல்லை. உட்கார்ந்தால் முழங்கால் வேறு இடிக்கும்.

காடி எடுத்து, அதாவது பக்கப்பலகையில் நீளப் பள்ளம் வெட்டி, அதில் தட்டைச் செருகுவதுதான் அழகு. ஸ்க்ரூ தெரியாது, எடை முழுவதும் மரத்தின் மேலேயே இறங்கும். ஒரு அங்குலப் பக்கப்பலகையில் 8 மில்லிமீட்டர் ஆழம் போதும். பக்கப்பலகையும் தட்டும் ஒரே மரமானால் இரண்டும் சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும். ஆனால் மேசையைக் கூட்டும் முன்பே காடி போட்டிருக்க வேண்டும். ஃபெவிகால் காய்ந்த பிறகு உள்ளே உளியைத் திருப்பவே இடமிருக்காது. நான்கு கால் மட்டும் உள்ள மேசைக்கு இது சரிப்படாது.

செய்து முடித்த மேசைக்கு என் கை போவது ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டத்துக்குத்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே, உட்பக்கமாக, ஒன்றுக்கு ஒன்றரை அங்குல ரீப்பரை இரு பக்கமும் மட்டம் பார்த்து ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்துங்கள். தட்டு அதன் மேல் உட்காரும். தட்டுக்கு மட்டும் ஃபெவிகால் வேண்டாம். ரீப்பரின் அடியிலிருந்து முன்பக்கம் ஒரு ஸ்க்ரூவை இறுக்கமாக ஏற்றுங்கள். பின்பக்க ஓட்டையை, ரீப்பரின் நீளவாக்கில் டிரில்லை அருகருகே இரண்டு முறை இறக்கி நீள்துளை ஆக்கி, வாஷர் வைத்துப் பூட்டுங்கள். முன்விளிம்பு காலோடு ஒட்டி நிற்கும், கூடுவதும் குறைவதும் பின்பக்கமே நடக்கும். பின்னால் ஒரு நூல் (சுமார் 3 மில்லிமீட்டர்) இடைவெளி விட மறக்காதீர்கள்.

காபித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் வளர்த்த சில்வர் ஓக் பலகை இப்போது நிறைய பேருக்குக் கிடைக்கிறது. நல்ல மரம், வாங்குங்கள். ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றும் முன் 3 மில்லிமீட்டர் பிட்டில் வழித்துளை போட்டுக்கொண்டால் பிளக்காது. மலைக்குப் போகும் மேசைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதான். சாதா இரும்பு அந்த ஈரத்தில் துருவேறி, கழற்ற வேண்டிய நாளில் தலை உடையும்.

எந்த வழியானாலும் தட்டின் நீளத்தைப் பாருங்கள். அதே எடைக்கு நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. மூன்று அடி தாண்டி, புத்தகமும் அடுக்குவதாக இருந்தால், முன்விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றை நெட்டாக ஒட்டிவிடுங்கள்.