32 பிட் விண்டோஸில் 8 ஜிபி ரேமையும் ஓட வைக்கிறேன் என்பவர்களிடம் உஷார்

32 பிட் விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "ரேம் ஏத்தி, முழுசையும் எடுக்கிற மாதிரி செட்டிங் பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் மெஷினைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் செய்துகொடுத்த கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

என் மெஷினில் 4 ஜிபி இருந்தது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் 3.25 ஜிபி மட்டும் பயன்படும் என்று காட்டும். அது கோளாறு இல்லை. 32 பிட்டில் எண்ண முடிந்த மெமரி முகவரிகளே மொத்தம் 4,29,49,67,296 தான்; முகவரிக்கு ஒரு பைட், அதாவது 4 ஜிபி. அதன் மேல்பகுதியை கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) எல்லாம் பிடித்துக்கொள்ளும். மிச்சம்தான் ரேமுக்கு. 64 பிட்டுக்குப் போகலாம் என்றால் என் ஸ்கேனருக்கு 32 பிட் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மட்டுமே உண்டு, 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் மெஷினைக் கடையில் கொடுத்தேன்.

"சார், அது மைக்ரோசாஃப்ட் வேணும்னே போட்ட பூட்டு. திறந்து விட்டுடலாம்" என்றார் சர்வீஸ் ஆள். மெஷின் திரும்பி வந்தபோது 8 ஜிபி என்று பளிச்சென்று காட்டியது.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இதில் சிக்கல். 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ பிராசசரிலேயே பிஏஇ என்ற வசதி இருந்தது. முகவரியை 36 பிட்டாக நீட்டி 64 ஜிபி வரை தொடும். விண்டோஸ் சர்வர் 2003-ன் என்டர்பிரைஸ் பதிப்பு, சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு, 32 பிட்டிலேயே அவ்வளவு ரேமையும் எடுத்தது. சாதாரண விண்டோஸில் மட்டும் 4 ஜிபியோடு நிறுத்தினார்கள். ஆக, பூட்டு இருப்பது நிஜம். ஏன் போட்டார்கள் என்பதை மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008-ல் எழுதியிருக்கிறார்: 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியைக் கொடுத்துச் சோதித்ததில் சாதாரண மெஷின்களின் டிரைவர்கள் பல கிராஷ் ஆகின, சில மெஷின்கள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. சர்வருக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் இதை எதிர்பார்த்து எழுதுவார்கள். வெப்கேமுக்கும் சவுண்ட் கார்டுக்கும் எழுதியவர்கள் 32 பிட்டைத் தாண்டி யோசித்திருக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட டிரைவர் நீளமான முகவரியின் மேல் பிட்டுகளை வெட்டிவிட்டால், டேட்டா போக வேண்டிய இடத்தை விட்டு மெமரியில் வேறெங்கோ போய் விழும்.

எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் ஸ்கிரீனில் அவ்வப்போது கோடு கோடாக வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் எடுத்த பேக்கப்பில் ஒரு ஜிப் ஃபைலைத் திறந்தால் சிஆர்சி எரர், அதாவது ஃபைல் உள்ளே உடைந்திருக்கிறது. போட்டோக்களைத் திறந்தால் மேல் பாதி சரியாக இருக்கும், கீழ்ப் பாதி சாம்பல் நிறத்தில் நிற்கும். அதே ஃபைலை மறுபடி காப்பி செய்தால் வேறொரு இடத்தில் உடைந்திருக்கும். உள்ளே இருந்த ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுக்கும் காப்பி முடிந்ததாகத்தான் விண்டோஸ் சொன்னது, ஒரு எரர் கூடக் காட்டவில்லை. புளூ ஸ்கிரீன் வந்திருந்தால் அன்றே உஷாராகியிருக்கலாம்.

கடையில் கேட்டால் முதலில் வைரஸ் என்றார்கள். அப்புறம் ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது, மாற்றிவிடலாம் என்றார்கள். அதற்கும் மசியாததால் ரேம் பூஸ்டர் என்று ஒரு மென்பொருளைப் போட்டுத் தனியாகக் காசு வாங்கினார்கள். இந்தப் பூஸ்டர் வகையறா பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் மெமரியைப் பிடுங்குவதுதான் இதன் வேலை. டாஸ்க் மேனேஜரில் கிராஃப் சர்ரென்று இறங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பிடுங்கியதை அந்தப் புரோகிராம்கள் திரும்பக் கேட்கும்போது டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், மெஷின் முன்னைவிட மெதுவாகும். இந்த வியாபாரம் புதிதும் அல்ல. 1995-ல் சாஃப்ட்ராம்95 என்று ஒன்று ரேமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு, அது சொன்ன மெமரி கம்ப்ரெஷன் உள்ளே நடக்கவே இல்லை என்று தெரிந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை போனது அந்த வழக்கு.

உண்மை வெளியே வந்தது கமாண்ட் ப்ராம்ப்ட்டில். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எந்த விண்டோஸ் எப்படி பூட் ஆகிறது என்ற பட்டியலைக் காட்டும் 'பிசிடிஎடிட்' கட்டளையைக் கொடுத்தேன். வழக்கமாக ஒரே ஒரு விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. டீஃபால்ட்டாக இருந்ததில் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) என்ற வரியில் நான் கேள்விப்படாத ஒரு ஃபைல் பெயர், கீழே 'டெஸ்ட்சைனிங் எஸ்', அதாவது சோதனைக் கையெழுத்து போட்ட ஃபைல்களையும் ஏற்கும் டெஸ்ட் மோட். டைம்அவுட்டைப் பூஜ்யமாக்கி வைத்திருந்ததால் பூட் ஆகும்போது மெனுவே கண்ணில் படவில்லை. டெஸ்ட் மோட் என்று ஸ்கிரீனின் வலது மூலையில் வர வேண்டிய எழுத்தையும் அழித்திருந்தார்கள். செய்தது தெரிந்துவிடக் கூடாது என்று இவ்வளவு மெனக்கெட்டவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

அதாவது கெர்னலின் நகலை எடுத்து, 4 ஜிபி தடையை வெட்டிவிட்டு, ஃபைல் அசல்தானா என்று பார்க்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையையும் தளர்த்தி ஓட்டியிருக்கிறார்கள். அப்டேட் வந்தால் ஒரிஜினல் கெர்னல்தான் மாறும், வெட்டிய நகல் பழையபடியே நிற்கும். இவ்வளவு செய்தும் கிடைப்பது என்ன? 32 பிட்டில் ஒரு புரோகிராமுக்குச் சாதாரணமாக 2 ஜிபிதான் எல்லை. ரேம் 8 ஆனாலும் அது மாறாது. பத்து புரோகிராம் சேர்ந்து ஓடும்போது கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

பழைய என்ட்ரியில் பூட் செய்தேன். 3.25 திரும்பி வந்தது, பேக்கப் உடைவதும் நின்றது. பிறகு 64 பிட்டுக்கே மாறிவிட்டேன், ஸ்கேனருக்கு மட்டும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 32 பிட் விண்டோஸ். யுஎஸ்பியை அதற்குள் விட்டால் பழைய டிரைவர் சமர்த்தாக வேலை செய்கிறது. அந்தக் கடையில் இந்த வழியை யாரும் வாயே திறந்து சொல்லவில்லை.

நீங்கள் மாறுவதாக இருந்தால்: 32-லிருந்து 64-க்கு அப்கிரேட் கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதே பதிப்பாக இருந்தால் விண்டோஸ் 7-ன் பழைய கீயே பொதுவாக எடுக்கும். ஹோம் பேசிக் 64 பிட்டில் 8 ஜிபி, ஹோம் பிரீமியத்தில் 16 ஜிபி வரைதான். டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் ஓடாது. மதர்போர்டையும் பாருங்கள். இன்டெல் 945 மாதிரி பழைய சிப்செட் என்றால் 64 பிட் போட்டாலும் 4 ஜிபி முழுசாக வராது. மற்றவற்றில் பயாஸில் மெமரி ரீமேப் (மறைந்துபோகும் ரேமை 4 ஜிபிக்கு மேலான முகவரிக்கு நகர்த்தும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்கே 2020 ஜனவரியோடு சப்போர்ட் முடிந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பில்லில் 'மெமரி அப்கிரேட்' என்று மட்டும்தான் இருந்தது. பணத்தைக் கேட்டதற்கு அதைத்தான் காட்டினார்கள்: ரேம் போட்டோம், 8 ஜிபி காட்டியது, வேறென்ன வேண்டும் என்று. நீங்கள் கொடுப்பதாக இருந்தால், விண்டோஸ் ஃபைல் எதையும் மாற்றவில்லை என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.