ரெக்கார்டிங்குக்கு முன்னால்: ஜாம் ரூமா, பைலட் ட்ராக்கா?

எங்கள் கானாக் குழு இதுவரை இரண்டு பாட்டு ரெக்கார்டிங் செய்திருக்கிறது. முதல் பாட்டுக்கு மூன்று நாள் ஜாம் ரூம் (குழுவாக வாசித்துப் பழகும் வாடகை அறை) எடுத்து, ஆறு பேரும் சேர்ந்து வாசித்துப் பழகினோம். இரண்டாவதுக்கு அந்தப் பக்கமே போகவில்லை. வியாசர்பாடியில் என் வீட்டு மாடி அறையில் பைலட் ட்ராக், அதாவது ஸ்டூடியோவில் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கான மாதிரிப் பதிவு போட்டு, அதை எடுத்துக்கொண்டு சாலிகிராமம் ஸ்டூடியோவுக்குப் போனோம். இனி எங்களுக்குப் பைலட்தான்.

ஜாம் ரூமின் நன்மை எல்லோருக்கும் தெரியும். முகம் பார்த்து வாசிக்கும்போது பிறக்கிற சூடு வேறு. எங்கே நிறுத்துவது, எங்கே டோலக் மட்டும் ஓடுவது எல்லாம் கண்சாடையிலேயே முடிந்துவிடும்.

முதல் பாட்டில் எங்களைக் கவிழ்த்தது வேகம். ஸ்டூடியோவில் ஒவ்வொருவராக வாசித்துத்தான் சேர்த்தார்கள். அதற்கு எல்லோர் காதிலும் ஒரே க்ளிக் (வேகம் காட்டும் டிக் டிக் சத்தம்) ஓட வேண்டும். “டெம்போ என்ன?” என்று இன்ஜினியர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. கானாவில் பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் டோலக் காத்திருக்கும், அவர் ஓடினால் கூடவே ஓடும். மேடையில் அதுதான் அழகு. ஆனால் நிமிடத்துக்கு 92 தட்டு என்ற வேகத்தில் தொடங்கிய நாங்கள் இரண்டாவது சரணத்தில் 98-க்குப் போயிருந்தோம். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். 92-இல் 4 நிமிடம் வருகிற பாட்டு 98-இல் 3 நிமிடம் 45 விநாடியில் முடிந்துவிடும். ஐந்து மணி நேர வாடகையில் இரண்டு மணி நேரம் வேகம் பிடிப்பதிலேயே கரைந்தது.

பைலட்டுக்கு இரண்டு போன் போதும். ஒன்றில் க்ளிக் போடுகிற மெட்ரோனோம், ஹெட்போன் வழியாகக் காதுக்கு மட்டும். இன்னொன்றில் பதிவு. 90, 94, 98 மூன்றிலும் பல்லவியைப் பாடிக் கேட்டோம். 90-இல் பாட்டு தூங்கியது, 98-இல் சொற்கள் ஒன்றையொன்று முட்டின. 94 சரியாக உட்கார்ந்தது. டோலக் அண்ணனுக்குத்தான் முதலில் சிரமம். “தம்பி, இதைக் கேட்டுக்கிட்டே வாசிச்சா கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு” என்றார். ஆறு எண்ணிக்கை நடையில் ஆறுக்கும் க்ளிக் வைத்திருந்தோம். அதை முதல் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் மட்டும் என்று குறைத்தோம். நடுவில் கிடைத்த இடத்தில் அவர் கை தானாக விளையாட ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது ராத்திரி, க்ளிக் ஓடுகிறதா என்று அவரே கேட்டார்.

சுருதியும் இதிலேயே முடிவானது. ஜாம் ரூமில் ஸ்பீக்கரை மீறிக் கத்திப் பாடி 3 கட்டை என்று வைத்திருந்தோம். மைக் முன்னால் நிதானமாகப் பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் கிழிந்தது. வீட்டில் அதைவிடத் தாழ்ந்த 2 கட்டை போதும் என்று தெரிந்துவிட்டது.

பைலட்டில் ஜீவா ஸ்டேஷன் ரயில் சத்தமெல்லாம் விழுந்திருந்தது. பரவாயில்லை, எல்லோரும் வாசித்து முடித்ததும் பைலட்டையே நீக்கிவிடுவார்கள். டெம்போ எண்ணை மட்டும் மறக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும், ஃபைலை வாய்ஸ் நோட்டாக அனுப்பாமல் சத்தத்தைச் சுருக்காத வேவ் ஃபைலாகக் கொடுப்பது நல்லது.

எந்த வழியானாலும் டோலக்கை அரை மணி முன்னதாக ஸ்டூடியோவுக்குள் வைத்துவிடுங்கள். நம் கடற்காற்று ஈரத்தில் தொய்ந்த தோல் ஏசியில் காய்ந்து இறுகும். வந்த உடனே சுருதி சேர்த்தால் பாதிப் பாட்டில் ஏறிவிடும்.

நாலைந்து பறை சேர்ந்து முழங்குகிற பாட்டுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். அப்படி ஒன்று நான் ரெக்கார்டிங் செய்ததில்லை. ராயபுரத்து நண்பர்கள் எல்லாப் பறையையும் ஒரே அறையில் நிற்கவைத்து எடுத்தார்கள், கேட்க நன்றாகவே இருந்தது. அதற்கு ஜாம் ரூம் பழக்கம் உதவியிருக்கும்.

எங்கள் இரண்டாவது பாட்டில் டோலக் நான்காவது டேக்கில் முடிந்தது. மிச்ச நேரத்தில் கோரஸை இரண்டு அடுக்காகப் பாடிச் சேர்த்தோம். முதல் பாட்டில் கோரஸை ஒரே தடவை பாடிவிட்டு இறங்கினோம், அதற்குமேல் வாடகைக்குக் காசு இல்லை.